அழகு அளவுகோலோடு மோதும் சூப்பர் ஹீரோ: ஒரே தாளில் எட்டுப் பக்க காமிக்ஸ் செய்வது எப்படி?

சூப்பர் ஹீரோ கதை என்றால் கட்டாயம் ஒரு சண்டை இருக்கும். நாம் உருவாக்கப்போகும் ஹீரோவுக்கு அடித்து வீழ்த்த ஆளே கிடையாது. விளம்பரம், சினிமா, செல்போன் ஃபில்டர் எல்லாம் சேர்ந்து "இப்படி இருந்தால்தான் அழகு" என்று நம் மண்டையில் ஏற்றி வைத்திருக்கும் எண்ணம்தான் அவளுடைய எதிரி. அவள் கையில் இருக்கும் ஆயுதம் கல்வி. இங்கேதான் கதை எழுதுபவருக்குத் தலைவலி. ஹீரோ பாடம் நடத்தினால் படிப்பவர் கொட்டாவி விடுவார். நடத்தாவிட்டால் ஹீரோவுக்கு வேலையே இல்லை.

இந்த முடிச்சை அவிழ்த்து, ஒரு ஏ4 தாளை மடித்து, உள்ளங்கையில் அடங்கும் காமிக்ஸ் புத்தகமாக்குவதுதான் இந்தச் செய்முறை. வரையத் தெரியாதவர்களும் செய்யலாம். தேவை: சில ஏ4 தாள்கள், பென்சில், ரப்பர், கறுப்பு ஜெல் பேனா, கத்தரிக்கோல்.

படி 1: ஒரு பொய்யைப் பிடியுங்கள்

"ஊடகங்கள் திணிக்கும் அழகு" என்று மொத்தமாகக் கையில் எடுத்தால் எண்பது பக்கமும் போதாது. ஒரே ஒரு பொய் போதும். தோல் நிறம், இடுப்பளவு, பரு, நரை, வழுக்கை, மூக்கு என்று எதுவாகவும் இருக்கலாம்.

பையன்களை மறந்துவிடாதீர்கள். ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் பொம்மைப் போர்வீரர்களின் உடம்பை அளந்து 1999-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1960-களில் சாதாரண ஆள் மாதிரி இருந்த பொம்மை, 90-களில் தொழில்முறை பாடிபில்டர்களையே மிஞ்சும் புஜத்தோடு நின்றது. சிக்ஸ் பேக் இல்லையே என்று சட்டையைக் கழற்றத் தயங்கும் பையனை வைத்தும் அருமையான கதை பண்ணலாம்.

பொய்யை அதை நம்புகிறவர் பேசுவது போலவே எழுதுங்கள். "என் மூக்கு ரொம்பப் பெருசு" என்பது கதைக்கு ஆகும். "தோற்றம் குறித்த சமூக அழுத்தங்கள்" என்பது கட்டுரைத் தலைப்பு; அதை வைத்துப் படம் வரைய முடியாது. இந்தச் செய்முறைக்கு மூக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

படி 2: சக்தியும் அதன் எல்லையும்

என் ஹீரோவின் பெயர் உரைகல். ஒரு காலத்தில் விளம்பரப் படங்களைக் கணினியில் திருத்தும் வேலை பார்த்தவள். இடுப்பை உள்ளே தள்ளுவது, கழுத்தை நீட்டுவது, தோலின் துளைகளை அழிப்பது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் எந்தப் படத்தைத் தொட்டாலும் அதில் செய்த திருத்தங்கள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி ஓடும். கடைசியில் கேமரா முன்னால் நின்ற மனிதர் மட்டும் மிஞ்சுவார்.

சக்தி யோசிப்பது சுலபம். அது எங்கே வேலை செய்யாது என்பதில்தான் கதை இருக்கிறது. உரைகல்லால் படத்தை மாற்ற முடியும், பார்ப்பவரின் மனசை மாற்ற முடியாது. நிஜத்திலும் அப்படித்தான். விளம்பரத்தில் மாடலின் உடல்வாகைத் திருத்தியிருந்தால் "திருத்தப்பட்ட படம்" என்று அறிவிக்கவேண்டும் என பிரான்ஸ் 2017-இல் விதி கொண்டுவந்தது. நார்வேயில் இதே மாதிரி சட்டம் 2022 ஜூலையில் அமலானது. நல்ல எண்ணம்தான். ஆனால் இப்படிப்பட்ட வாசகத்தைப் போட்டாலும் பார்ப்பவருக்குத் தன் உடம்பைப் பற்றிய குறை பெரிதாகக் குறைவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. பொய் என்று தெரிந்தும் மனம் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே கதையின் நடுவில் ஹீரோ தன் சக்தியைக் காட்டித் தோற்கவேண்டும். விளம்பரத்தைத் தொட்டு எல்லாத் திருத்தத்தையும் கழற்றிக் காட்டுகிறாள். எதிரில் நிற்கும் நிலா என்ற பெண், "அது சரிக்கா, ஆனா என் மூக்கு பெருசுதானே?" என்கிறாள். இந்த இடம் இல்லாவிட்டால் உங்கள் காமிக்ஸ் வெறும் அறிவிப்புப் பலகை.

படி 3: ஹீரோவை வரையுங்கள்

சூப்பர் ஹீரோ என்ற உருவமே ஓர் அழகு அளவுகோல்தான். கூம்பு மாதிரி உடம்பு, பெயின்ட் அடித்தது போல ஒட்டிய உடை. அழகு அளவுகோலை எதிர்க்கும் கதையில் ஹீரோ அப்படியே வந்து நின்றால் படமே வசனத்தைப் பொய்யாக்கிவிடும். அதற்காக வேண்டுமென்றே அவளை "அழகில்லாதவள்" ஆக்கிவிடவும் கூடாது; அதுவும் அதே அளவுகோலைத் திருப்பிப் பிடிப்பதுதான்.

முகத்தில் ஆரம்பிக்காதீர்கள், நிழலுருவில் ஆரம்பியுங்கள். ஹீரோவின் வெளிக்கோட்டை மட்டும் போட்டு உள்ளே முழுதாகக் கறுப்பு அடியுங்கள். யாரென்று அடையாளம் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் ஒரு பொருளைச் சேருங்கள். உரைகல் குட்டையானவள், ஒரு தோளில் பெரிய பை தொங்கும், காதில் பேனா செருகியிருக்கும். அவளுடைய மேலங்கி சாம்பல், வெள்ளைக் கட்டம் போட்டது. படம் திருத்தும் மென்பொருளில் "இந்த இடத்தில் எதுவும் இல்லை" என்பதைக் காட்ட வரும் அதே கட்டம். பேனாவால் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் நிரப்பினால் போதும். புதிதாக வரைபவர்களுக்கு இதைவிட எளிதான உடை கிடையாது.

இன்னொரு விதியும் வைத்துக்கொள்ளுங்கள்: கதையில் யாரும் அவளைப் பார்த்து "அழகாக இருக்கிறாய்" என்று சொல்லக் கூடாது. பாராட்டாகக்கூட வேண்டாம்.

படி 4: வில்லன்

வில்லனை விகாரமாக வரையும் பழக்கம் காமிக்ஸில் ஊறிப்போனது. தழும்பு, கோணல் பல், கூன் முதுகு. இந்தக் கதையில் அது தற்கொலைக்குச் சமம். மேக்கப் போட ஆசைப்படும் பெண்ணையோ மாடலையோ வில்லியாக்குவதும் வேண்டாம். அவர்களும் இதே வலையில் மாட்டியவர்கள்தான்.

என் வில்லனின் பெயர் அச்சு. அவனுக்கு உடம்பே கிடையாது. போன் திரையில், பலகையில், பத்திரிகை அட்டையில் ஒரு பேச்சுக்குமிழியாக மட்டும் வருவான். மிரட்டவே மாட்டான், ரொம்ப அன்பாகப் பேசுவான். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். மூக்கை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிட்டா நீ எங்கேயோ போயிடுவே." ஒரு குறையைச் சரிசெய்தால் அடுத்த குறையோடு வருவான். குறை தீர்ந்துவிட்டால் அவனுக்குப் பிழைப்பு இல்லை.

இவன் எவ்வளவு வேகமாக வேலை செய்வான் என்பதற்கு ஃபிஜியில் நடந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். அங்கே நட்ரோகா பகுதிக்கு 1995-இல்தான் டிவி வந்தது. நல்ல சதைப்பிடிப்பான உடம்பை மதித்த சமூகம் அது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் பள்ளி மாணவிகளிடம் டிவி வந்த புதிதில் ஒருமுறையும் 1998-இல் ஒருமுறையும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். உணவுப் பழக்கம் கோளாறாகியிருக்கலாம் என்று காட்டும் மதிப்பெண் வாங்கியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகியிருந்தார்கள். யாரும் யாரையும் மிரட்டவில்லை. வீட்டுக்குள் பொழுதுபோக்கு வந்தது, அவ்வளவுதான்.

படி 5: பாடத்தைக் காட்சியாக்குங்கள்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். முதலில் கெட்ட வடிவம்:

உரைகல்: "நிலா, நீ அழகுதான்! ஊடகங்கள் சொல்வதை நம்பாதே!"
நிலா: "நன்றி அக்கா! இனி நம்பமாட்டேன்!"

இப்படி யாராவது மாறிப் பார்த்திருக்கிறீர்களா? எரிக் ஸ்டைஸும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய "பாடி ப்ராஜெக்ட்" என்ற பயிற்சியில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். வகுப்பு எடுப்பவர் அறிவுரை சொல்வதில்லை. வந்திருக்கும் இளம்பெண்களே அந்த அழகு இலட்சியத்தை எதிர்த்துப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள், நடித்துக் காட்டுகிறார்கள். தன் வாயாலேயே எதிர்த்துப் பேசிய ஒன்றைத் திரும்பவும் அப்படியே நம்புவது கடினம். உணவுப் பழக்கக் கோளாறுகளைத் தடுப்பதில் நன்றாகச் சோதிக்கப்பட்ட பயிற்சிகளில் இது ஒன்று.

நமக்கு இதிலிருந்து கிடைக்கும் விதி: முக்கியமான வசனம் ஹீரோவுக்குப் போகக் கூடாது. ஹீரோ கேள்வி கேட்கட்டும், பதில் நிலாவிடமிருந்து வரட்டும்.

அதற்கு ஒரு சோதனை வேண்டும். மூக்குக்குத் தோதான ஒன்று கைவசம் இருக்கிறது. செல்ஃபியை ஏறக்குறைய 30 செ.மீ. தூரத்தில் எடுக்கிறோம். மூக்கு லென்ஸுக்கு அருகில், காது தள்ளி. அந்தச் சின்ன வித்தியாசமே அவ்வளவு அருகில் பெரிய வித்தியாசம். ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனால் மூக்கும் காதும் லென்ஸிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். 2018-இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, 30 செ.மீ. படத்தில் மூக்கு, ஒன்றரை மீட்டர் படத்தில் இருப்பதைவிட சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். இப்போது காட்சி:

நிலா (போனை நீட்டி): "பாருங்கக்கா, எவ்ளோ பெருசுன்னு."
உரைகல்: "போனை எங்கே வெச்சு எடுத்தே?"
நிலா: "கையிலதான்."
உரைகல்: "குடு. நீ அங்கேயே நில்லு." (பின்னால் நடக்கிறாள்.)

அடுத்த பக்கத்தில் வசனமே வேண்டாம். இரண்டு படங்களும் அருகருகே, முகம் இரண்டிலும் ஒரே அளவில். நிலாவின் கண் மட்டும் இங்குமங்கும் போகிறது.

நிலா: "மூக்கு மாறல. போன் இருந்த இடம்தான் மாறியிருக்கு."

நிறையப் பேர் இங்கேயே முடித்துவிடுவார்கள். முடித்தால் என்ன அர்த்தம் வருகிறது பாருங்கள்: "கவலைப்படாதே, உன் மூக்கு சின்னதுதான்." அதாவது சின்ன மூக்குதான் நல்ல மூக்கு! அச்சு ஜெயித்துவிட்டான். எனவே இன்னும் ஒரு அடி போகவேண்டும்.

நிலா: "அப்போ நிஜத்துல என் மூக்கு சின்னதுதானேக்கா?"
உரைகல்: "பெருசா இருந்தா?"
நிலா (யோசித்து): "பெருசா இருந்தா... இருந்துட்டுப் போகட்டும். மூச்சு விடத்தானே?"

அந்த "பெருசா இருந்தா?" தான் முழுக் கதையிலும் ஹீரோ வீசும் ஒரே அடி. நீங்கள் எந்தப் பொய்யை எடுத்திருந்தாலும் இதற்கு இணையான கேள்வியைத் தேடிப் பிடியுங்கள். கறுப்பாகவே இருந்தால்? வழுக்கையாகவே இருந்தால்? பதில் வசனத்தை நண்பர்களிடம் வாய்விட்டுக் கேட்டு, அவர்கள் சொல்வதில் நன்றாக இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அது எப்போதும் நாமாக உட்கார்ந்து எழுதுவதைவிடப் பிரமாதமாக இருக்கும்.

படி 6: தாளை மடியுங்கள்

தாளைப் படுக்கைவாட்டில் வையுங்கள். கீழ் விளிம்பு மேல் விளிம்பைத் தொடும்படி மடித்து விரியுங்கள். அடுத்து இடது விளிம்பு வலது விளிம்பைத் தொடும்படி மடித்து விரியுங்கள். அப்புறம் இரண்டு பக்க விளிம்புகளையும் நடு மடிப்புவரை கொண்டுவந்து மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் விழுந்திருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 74 × 105 மி.மீ.

இப்போது இடதை வலதோடு மறுபடி சேர்த்து மடியுங்கள். மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து, குறுக்கே ஓடும் நடுக்கோட்டின் மேல் அடுத்த மடிப்புவரை மட்டும் வெட்டுங்கள். விரித்தால் தாளின் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு கீறல் தெரியும். கீழ் விளிம்பை மேல் விளிம்போடு சேர்த்து மடித்து, இரு முனைகளையும் பிடித்து உள்நோக்கித் தள்ளுங்கள். கீறல் வாய் திறந்து, மேலிருந்து பார்க்க கூட்டல் குறி மாதிரி வரும். ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினால் புத்தகம் தயார்.

பென்சிலால் 1 முதல் 8 வரை பக்க எண் போட்டுவிட்டுத் திரும்ப விரியுங்கள். நான்கு பக்கங்கள் தலைகீழாக இருக்கும்; குழம்பவேண்டாம், எண் நிமிர்ந்து தெரியும்படி தாளைத் திருப்பி வைத்து வரைந்தால் சரி.

படி 7: எதை எந்தப் பக்கத்தில்?

1 அட்டை. 2-இல் அச்சுவின் இனிப்பான பேச்சு. 3-இல் நிலாவின் புலம்பல். 4-இல் உரைகல் வந்து விளம்பரத்தைக் கழற்றிக் காட்டித் தோற்கிறாள். 5-இல் "குடு, நீ அங்கேயே நில்லு". 6-இல் வசனமில்லாத இரண்டு படங்கள். 7-இல் "பெருசா இருந்தா?". 8 பின்னட்டை; இங்கே கதை வேண்டாம், அந்த செல்ஃபி சோதனையைப் படிப்பவரே செய்து பார்க்க இரண்டு வரியில் குறிப்பு எழுதுங்கள்.

5-க்கும் 6-க்கும் நடுவில் தாளைத் திருப்பவேண்டியிருப்பது தற்செயல் இல்லை. ஆவலைக் கிளப்பும் எதையும் ஒற்றைப்படைப் பக்கத்தின் கடைசியில் வையுங்கள்.

பக்கத்துக்கு இரண்டு படக் கட்டத்துக்கு மேல் வேண்டாம். குமிழிக்குப் பத்துப் பதினைந்து சொற்கள் போதும். எழுத்தை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் அதைச் சுற்றிக் குமிழி போடுங்கள். குமிழியை முதலில் போட்டால் கடைசிச் சொல் நசுங்கியே தீரும்.

படி 8: கொடுப்பதற்கு முன்

எடை, இடுப்பளவு, கலோரி என்று எந்த எண்ணும் கதையில் இருக்கவேண்டாம். ஒரு பாத்திரம் பட்டினி கிடந்தால் எப்படிக் கிடந்தாள் என்று விவரிக்கவேண்டாம். ஏற்கெனவே சிரமத்தில் இருக்கும் ஒருவருக்கு அதுவே செய்முறைக் குறிப்பாகிவிடும்.

பென்சில் வரைவை ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, "இதில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று கேளுங்கள். "உரைகல் நிலாவுக்கு" என்று பதில் வந்தால் 7-ஆம் பக்கத்தில் ஹீரோ அதிகமாகப் பேசுகிறாள், இரண்டு குமிழியைத் தூக்குங்கள். "நிலாவே கண்டுபிடிச்சுட்டா" என்று வந்தால் மை போடலாம். ஓரங்களில் அரை செ.மீ. இடம் விடுங்கள், ஜெராக்ஸில் விளிம்பு விழாது. பென்சில் கோட்டை மை காய்ந்த பிறகு அழியுங்கள். நடுவில் வெட்டிய தாளை ஜெராக்ஸ் எடுத்தால் கீறல் கறுப்புக் கோடாக விழும். அதனால் வெட்டாத புதுத் தாளில்தான் இறுதி வடிவத்தை வரையவேண்டும்.