பழைய கேப் டப்பா வாங்கும்போது மூடியைப் படியுங்கள்

19ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிகளுக்கான பெர்குஷன் கேப்கள் (துப்பாக்கியின் சுத்தியல் தட்டியதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோகக் குப்பிகள்) சின்ன வட்டத் தகர டப்பாக்களில் விற்கப்பட்டன. சேகரிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மூடியில் ஒட்டிய லேபிளை. லண்டன் ஈலி பிரதர்ஸ் டப்பா என்றால், பெயருக்குப் பின்னால் ‘லிமிடெட்’ இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிறுவனம் லிமிடெட் ஆனது 1874இல். அந்தச் சொல் இருந்தால் டப்பா அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. அப்படிப்பட்ட டப்பாவை விற்பவர் ‘1850ஆம் ஆண்டுடையது’ என்று சொல்லி விலை கேட்டால் சிரித்துவிட்டு நகரலாம்.

லேபிள்தான் பாதி மதிப்பு. அதில் தண்ணீர், எண்ணெய், பாலிஷ் எதுவும் படக்கூடாது. உலர்ந்த மென்மையான பிரஷ் போதும். துரு கொஞ்சம் இருந்தால் இருக்கட்டும். பளபளவென்று தேய்த்த டப்பாவை நான் வாங்கவே மாட்டேன்.

அப்புறம், முக்கியமான விஷயம்: தூக்கும்போது உள்ளே ஏதோ உருண்டால் குலுக்காதீர்கள், மூடியை நெம்பாதீர்கள். பழைய கேப்களில் பாதரச ஃபல்மினேட் என்ற வெடிபொருள் இருக்கும். தட்டினாலோ உரசினாலோ சூடானாலோ வெடிக்கக்கூடியது, வயதாகிவிட்டது என்று நம்ப முடியாது. அப்படியே வைத்துவிட்டு போலீசுக்குச் சொல்லுங்கள். தபாலிலும் விமானத்திலும் அனுப்பவே கூடாது. காலி டப்பாவைத் தொட்டாலும் கையைக் கழுவிவிடுங்கள்.