‘கோரெரொ’: நாம் சறுக்குகிற இடங்கள்

நியூசிலாந்துக்கு வேலைக்கோ படிக்கவோ போனால் சீக்கிரமே காதில் விழுகிற சொல் இது. மேலாளர் வந்து “நாளைக்கு ஒரு கோரெரொ வைத்துக்கொள்ளலாமா?” என்பார். பயப்படாதீர்கள், உட்கார்ந்து பேசலாம் என்கிறார், அவ்வளவுதான். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழிச் சொல், அந்த ஊர் ஆங்கிலத்தோடு கலந்து அன்றாடப் பேச்சாகிவிட்டது.

முதல் தவறு உச்சரிப்பில். ஆங்கில எழுத்தில் (kōrero) பார்த்துவிட்டு ‘கொரேரோ’ என்று நடுவில் இழுக்கிறோம். உண்மையில் ‘கோ’ மட்டும்தான் நெடில், ‘ரெ’, ‘ரொ’ இரண்டும் குறில், ரகரமும் நம் ‘ர’ மாதிரி நாக்கு நுனி ஒரு தட்டு தட்டி வருவது. ‘o’வின் தலையில் ஒரு சின்னக் கோடு இருக்கிறதே, அது அலங்காரம் இல்லை, நெடிலுக்கான அடையாளம். ‘கெகெ’ என்றால் கேக், ‘கேகே’ என்றால் அக்குள்! விருந்துக்குப் போன வீட்டில் எதைக் கேட்கிறோம் என்று பார்த்துக் கேட்க வேண்டும். குறில் நெடிலோடு வளர்ந்த நமக்கு இது கஷ்டமே இல்லை, ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போவதால்தான் வம்பு. (‘மாவோரி’யிலும் நடு எழுத்து குறில்தான். பழகிவிட்டதால் நானும் நெடிலாகவே எழுதுகிறேன், மன்னிக்கவும்.)

அப்புறம், பன்மைக்கு ஆங்கில ‘ஸ்’ ஒட்டாதீர்கள். மாவோரியில் பெயர்ச்சொல் பெரும்பாலும் மாறாது, முன்னால் வரும் சின்னச் சொல்தான் மாறும்: ஒருமைக்கு ‘தெ கோரெரொ’, பன்மைக்கு ‘ஙா கோரெரொ’. ஆமாம், ‘ஙா’தான். ஙப்போல் வளை படித்த நமக்கு அதுவும் சுலபம். நாமும்தான் ‘ரெண்டு புத்தகம்’ என்கிறோம், ‘கள்’ இல்லாமல் என்ன குறைந்துபோயிற்று?

எனக்குப் பெரிய தவறாகப் படுவது, இதை வெறும் அரட்டை என்று நினைப்பது. அரட்டையும் கோரெரொதான், ஆனால் வழிவழியாகச் சொல்லிவரும் கதை, வரலாறு எல்லாமும் கோரெரொதான். தலைவனுக்கு உணவு பேச்சு என்று அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு. மாவோரிகள் கூடும் ‘மராஎ’யில் விருந்தினரை வரவேற்று நிகழ்த்தும் முறையான சொற்பொழிவுக்கு ‘ஃபைகோரெரொ’ என்று பெயர். அங்கே நடுவில் புகுந்து கேள்வி கேட்பது, பக்கத்து ஆளோடு குசுகுசுப்பது எல்லாம் கூடாது. பேசியவர் நிறுத்தியதும் அவர் தரப்பு ஆட்கள் எழுந்து பாடுவார்கள். அந்தப் பாட்டும் பேச்சோடு சேர்ந்ததுதான், முடிந்துவிட்டது என்று போனைக் கையில் எடுத்துவிடாதீர்கள்.