போஸ்டர் கலர்: காய்ந்த பின்னும் கரையும் வண்ணத்தில் நேரும் தவறுகள்

எழுதுபொருள் கடைகளில் வாட்டர் கலர், போஸ்டர் கலர், அக்ரிலிக் ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே அடுக்கில் அருகருகே இருக்கும். மூன்றும் தண்ணீர் விட்டுக் கலக்கப்படுபவை என்பதால், மூன்றையும் ஒரே விதமாகக் கையாளலாம் என்று பெற்றோரும், சில சமயம் ஆசிரியர்களும் எண்ணிவிடுகிறார்கள். குழந்தைகளின் போஸ்டர் கலர் படங்கள் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இந்த எண்ணமே காரணம்.

நிறமித் தூளோடு, கீழே இருப்பதை மறைப்பதற்காகச் சுண்ணத்தூள் போன்ற வெள்ளைப் பொடியையும் சேர்த்து, தண்ணீரில் கரையக்கூடிய பசையில் குழைத்துச் செய்வது போஸ்டர் கலர். வெள்ளைப் பொடி இருப்பதால் அது வாட்டர் கலரைப் போலத் தாளின் வெண்மையை ஊடுருவ விடுவதில்லை. பசை கரையக்கூடியது என்பதால், காய்ந்த பிறகும் ஈரத் தூரிகை பட்டால் மீண்டும் குழைந்துவிடும். அக்ரிலிக் காய்ந்துவிட்டால் அப்படிக் கரைவதில்லை. கீழ்வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு குணங்களில் ஒன்றை மறப்பதால் நேர்பவை.

முதலாவது, தண்ணீரின் அளவு. குப்பியிலிருந்து எடுத்த வண்ணத்தை அப்படியே தடிமனாக அப்பினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். தாளைச் சுருட்டினால் செதில் செதிலாக உதிரும். தண்ணீர் மிகுந்தால் நிறம் திட்டுத்திட்டாக வெளிறிப்போகும், தாளும் அலையலையாக நெளியும். கடைந்த தயிரின் பதம் சரியாக இருக்கும். நகல் எடுக்கப் பயன்படும் 75 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் இந்த வண்ணத்தைத் தாங்காது. 150 ஜிஎஸ்எம்மோ அதற்கு மேலோ உள்ள ஓவியத்தாள் வேண்டும்.

மிகுதியாக நேரும் தவறு வரிசையைப் பற்றியது. நம் குழந்தைகள் பெரும்பாலோர் வரையும் காட்சி ஒன்று உண்டு: இரண்டு மலைகள், நடுவே உதிக்கும் சூரியன், கீழே ஓர் ஆறு, ஓரத்தில் ஓட்டு வீடும் தென்னை மரமும். எல்லாவற்றையும் பென்சிலால் வரைந்த பிறகு, தென்னங்கீற்றுகளின் இடுக்குகளுக்குள் வானத்தின் நீலத்தை நுழைக்கக் குழந்தை படாத பாடு படும். வெளிர்நிறத்தில் தொடங்கி, வெள்ளை வேண்டிய இடத்தை விட்டுவிட்டுத் தீட்டுவது வாட்டர் கலரின் முறை. போஸ்டர் கலர் மறைக்கும் வண்ணமாகையால் வானம் முழுவதையும் ஒரே வீச்சில் தீட்டி, அது காய்ந்த பின் அதன் மேலேயே மலையையும், மலையின் மேல் மரத்தையும் வைத்துக்கொண்டு போகலாம். ஆற்றில் மின்னும் வெள்ளைக் கோட்டைக் கடைசியில் இட்டால் போதும். ஜப்பானிய அசைபடங்களின் பின்னணிக் காட்சிகள் பலவும் போஸ்டர் கலரில் தீட்டப்பட்டவை என்பதை நினைத்துப் பார்த்தால், இதைச் சிறுபிள்ளைகளின் வண்ணம் என்று ஒதுக்கத் தோன்றாது.

அடுக்கடுக்காகத் தீட்டுவதற்குப் பொறுமை வேண்டும். கண்ணுக்குக் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கலாம். புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்த்து, குளிர்ச்சி தட்டுப்பட்டால் இன்னும் காத்திருக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகும் கீழ்ப்பூச்சு கரையக்கூடியதே என்பதால், மேல்பூச்சில் தண்ணீரைக் குறைத்து, ஒரே இழுப்பில் தீட்டிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். சரியாக வரவில்லையே என்று அதே இடத்தில் தூரிகையை முன்னும் பின்னும் தேய்த்தால் கீழே இருக்கும் நீலம் கிளம்பி, மேலே வைத்த மஞ்சளைப் பச்சையாக்கிவிடும்.

நிறக் கலவையில், எதையும் அடர்த்தியாக்கக் கறுப்பைச் சேர்ப்பது பெரும் பிழை. மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால் அடர்மஞ்சள் வராது, பாசிபிடித்த பச்சைதான் வரும்; மஞ்சளை ஆழப்படுத்தச் சிறிது பழுப்போ ஆரஞ்சோ சேர்க்கலாம். ஊதா வேண்டி ஆரஞ்சுச் சாயல் கொண்ட சிவப்பையும் நீலத்தையும் கலந்தால் சேற்று நிறமே கிடைக்கும். அதற்கு நீலச் சாயல் கொண்ட கிரிம்சன் போன்ற சிவப்பு தேவை. தோலின் நிறம் என்ற பெயரில் சில வண்ணப் பெட்டிகளில் வரும் வெளிர் ஆரஞ்சைக் கொண்டு தன் அம்மாவைத் தீட்டும் குழந்தையிடம், பழுப்பும் மஞ்சளும் துளி வெள்ளையும் கலந்து தன் கையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது நல்லது. நிறம் காயும்போது சற்று மாறும் என்பதால், கலவையை முதலில் வேறொரு துண்டுத்தாளில் தடவிக் காயவிட்டுப் பார்க்க வேண்டும்.

கார்த்திகைக்கு அகல் விளக்குகளைக் குழந்தைகள் போஸ்டர் கலரால் அலங்கரிப்பதுண்டு. சுடுமண் எண்ணெயை உறிஞ்சி வெளிப்பக்கம் கசியவிடும். வண்ணம் கறைபட்டு உரிந்து வரும். ஏற்றுவதற்கான விளக்கை வெறும் மண்ணாகவே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கொலுப்படியில் வைக்கும் பொம்மைக்குத் தீட்டினால், ஈரக்கை படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பாதுகாப்பு சம்பந்தமான இரண்டு தவறுகளைச் சிறியவை என்று விட முடியாது. மாறுவேடப் போட்டிக்காகக் குழந்தையின் முகத்தில் புலிக்கோடும் பாரதியார் மீசையும் போஸ்டர் கலரால் வரைகிறார்கள். குப்பியில் நச்சற்றது என்று அச்சிட்டிருப்பதாலேயே அது தோலில் பூசுவதற்கு உரியதாகிவிடாது; காய்ந்து இறுகித் தோலை உறுத்தும், வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்கும். முகத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட வண்ணத்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும். மற்றொன்று, போஸ்டர் கலர் தீர்ந்துபோனால் கதவுக்கு அடித்து மிஞ்சிய பழைய எனாமல் பெயிண்டைக் குழந்தையிடம் கொடுப்பது. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பா பரணில் கிடந்தால் அதில் ஈயம் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு.

குப்பியில் வண்ணம் கெட்டியாகிவிட்டால் குழாய்த் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி வைப்பதும், அழுக்குத் தூரிகையை நேராகக் குப்பிக்குள் விடுவதும் பூஞ்சைக்கும் நாற்றத்துக்கும் இடம்கொடுக்கும். வேண்டிய அளவைத் தட்டில் எடுத்து, அங்கேயே தண்ணீர் சேர்க்க வேண்டும். தூரிகையைத் தம்ளர் தண்ணீரில் தலைகீழாக நிறுத்திவைத்தால் முடி வளைந்துவிடும். அலசித் துடைத்துப் படுக்கவைக்க வேண்டும்.

முடித்த படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் மழைக்கால ஈரத்தில் பசை இளகி ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது ஒரு படத்தின் சூரியன் இன்னொரு படத்தின் முதுகில் இருக்கும். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, தட்டையாக, காற்றுப் புகும் அலமாரியில் எடுத்து வைத்துவிட வேண்டும்.