சோல்டரிங் முனைக்கு இரும்பு முலாம்

காரைக்குடியில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறவன் நான். சோல்டர் எனும் பற்று ஈயத்தை உருக்கி ஒட்டவைக்கிற கருவியின் செம்பு முனை சூட்டை நன்றாகக் கடத்தும். ஆனால் சோல்டரில் இருக்கிற வெள்ளீயம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குழி போட்டுவிடும். அதனால்தான் நல்ல முனைகளுக்கு மேலே இரும்பு முலாம் இருக்கிறது. 1953-இல் சிக்ரி எனும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறந்த ஊரில் இருந்துகொண்டு இதை நாமே செய்யாமல் இருப்பானேன்?

நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கிடைக்கும். இளம்பச்சையாக இருந்தால் வாங்குங்கள். பழுப்பேறியது வேண்டவே வேண்டாம். முதல் தடவை நான் அதில்தான் போட்டேன். முலாம் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது.

கொதித்து ஆறிய பேட்டரி வாட்டர் ஒரு லிட்டருக்கு அன்னபேதி 240 கிராம். நீர்த்த கந்தக அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு, அமிலத்தன்மை காட்டும் பி.எச். தாளில் 3 காட்டினால் நிறுத்துங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

காற்றுப் பட்டால் கரைசல் பழுப்பாகும். முலாம் நொறுங்குவதற்கு முக்கியக் காரணம் அந்தப் பழுப்புதான். சுத்தமான கட்டுக்கம்பிச் சுருள் ஒன்றை ராத்திரி முழுக்க உள்ளே போட்டு வையுங்கள், பச்சை திரும்பிவிடும். மூடியை மட்டும் இறுக்காதீர்கள், ஹைட்ரஜன் வரும். கம்பியில் செம்பு நிறம் ஏறினால் அன்னபேதியில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கலந்திருக்கிறது, கரைசலை ஒதுக்கிவிடுங்கள்.

முனையைச் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் தேய்த்து, பித்தளைக் குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி புளி போட்டுத் துலக்கிக் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை, மறுபடி சோடா. ஒரே படலமாக வழிந்தால் சரி.

டி.சி. மின்சாரத்தின் பிளஸ்ஸில் கட்டுக்கம்பிக் கற்றை, அதைச் சுற்றிப் பழைய வேட்டித் துணி. கம்பியிலிருந்து உதிரும் கரித்தூள் துணியோடு நின்றுவிடும். எவர்சில்வரும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியும் கூடாது. மைனஸ்ஸில் முனை. 6 மி.மீ. தடிமன், 4 செ.மீ. நீளம் என்றால் 0.15 ஆம்பியர் போதும். கண்ணாடி ஜாடியை வெந்நீரில் இறக்கி 40 டிகிரிச் சூட்டில் வையுங்கள். குமிழி ஒட்டிய இடம் ஊசித்துளையாகும், அவ்வப்போது முனையை அசைத்துவிடுங்கள். கணக்குப்படி நாலு மணி நேரத்தில் 0.1 மி.மீ. ஏறும், குமிழியில் கொஞ்சம் மின்சாரம் வீணாவதால் நான் ஐந்து மணி நேரம் விடுவேன்.

எடுத்ததும் சாம்பல் நிறமாக, மங்கலாக இருக்கும். கழுவித் துடைத்துச் சூடாக்கி, நவச்சாரம் தொட்டு உடனே ஈயம் பூசிவிடுங்கள். டீ குடித்துவிட்டு வரலாம் என்று வைத்தால் துரு ஏறிவிடும்.

தீர்ந்த கரைசலைச் சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்து வண்டலைத் தனியாக எடுங்கள். நம் தெரு வாய்க்கால் ஊரணிக்குப் போகிறது, அதில் ஊற்றாதீர்கள்.