ஏற்காட்டு சில்வர் ஓக்கில் செமி ஹாலோ கிட்டார்: வீட்டிலேயே செய்யும் முறை

எலக்ட்ரிக் கிட்டார் செய்யலாம் என்று இருக்கிறேன், முதலில் எதை வாங்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: சமையலறைத் தராசு. 10 கிலோ வரை காட்டும் டிஜிட்டல் தராசு போதும். கேட்டவர் சிரிப்பார். நானும் சிரித்தவன்தான்.

என் முதல் கிட்டாரை ஏற்காட்டில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் ஐப்பசி மழையில் செய்தேன். பலகையைக் கையால் தடவிப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். மார்கழியில் சேலத்துக்குக் கொண்டுவந்து மொட்டைமாடி அறையில் மாட்டினேன். அக்கினி நட்சத்திரத்தில் ஒரு மதியம் ‘டப்’ என்று சத்தம். முன்பலகை வால் பக்கத்திலிருந்து பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாலம்) வரை வாய் பிளந்திருந்தது. பக்கத்துத் தெரு ஆசாரி அண்ணனிடம் காட்டினேன். “மலையில குடிச்ச தண்ணிய கீழ வந்து கக்குதுங்க தம்பி. மரத்த ஏன் திட்றீங்க?” என்றார்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பாதி வருடம் மூடுபனியில் கிடக்கும் ஊர். சேலம் கீழே காய்கிறது. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள்தான். மரம் காற்றில் இருக்கும் ஈரத்தை வாங்கும், வறண்டால் விடும். விடும்போது அகலவாக்கில் சுருங்கும், நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது. ஆகவே பலகையை வாங்கியதும் எடை போட்டு, தேதியோடு அதன் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். வாரம் ஒருமுறை மறுபடி எடை. தொடர்ந்து நான்கு வாரம் எடை மாறாவிட்டால் அந்த மரம் உங்கள் வீட்டுக் காற்றோடு சமாதானம் ஆகிவிட்டது, தொடலாம். பச்சை மரம் என்றால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. அவசரக்காரர்கள் பழைய வீட்டு உத்தரம், கதவு, கட்டில் சட்டம் இடித்து விற்கும் கடைக்குப் போகலாம்.

செமி ஹாலோ என்றால் என்ன?

வீணைக் குடமும் மிருதங்கமும் குடைந்த பலாக்கட்டை. உள்ளே காற்று இருப்பதால்தான் அந்த நாதம். எலக்ட்ரிக் கிட்டாரையும் அப்படி முழுக் கூடாகச் செய்தால் ஒரு சிக்கல். ஆம்ப்ளிஃபையர் சத்தம் கூட்டின் மேல்பலகையை அதிரவைக்கும், அது கம்பியை அதிரவைக்கும், கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப் என்ற காந்தச் சுருள் அதைப் பிடித்து மறுபடி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும். கல்யாண மண்டப மைக் ஊளையிடுமே, அதே கதை. லெஸ் பால் என்ற கலைஞர் 1940 வாக்கில் ஒரு பைன் கட்டையில் கம்பி கட்டி, இரு பக்கமும் கிட்டாரின் பாதிக் கூடுகளை இறக்கைபோல ஒட்டி வாசித்துப் பார்த்தார். 1958இல் கிப்ஸன் நிறுவனம் இ.எஸ். 335 என்ற கிட்டாரைக் கொண்டுவந்தது: நடுவில் கட்டை, இரு பக்கமும் கூடு. இதுதான் செமி ஹாலோ. நாம் செய்யப்போவதும் அதே கொள்கைதான். ஆனால் அதன் வளைந்த மேல்பலகை முதல் முறைக்கு ஆகாது. தட்டையாகவே செய்வோம்.

மரம்

சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கைப் பார்த்திருப்பீர்கள், மிளகுக்கொடி ஏறியிருக்கும். மரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கிய வாட்டில் சரியாக அறுத்தால் பலகையில் மீன் செதில்போலப் பளபளக்கும் பூ விழும். உடலுக்கு அதுதான் என் தேர்வு. மலைக்குப் போய் நீங்களே மரம் வெட்ட நினைக்காதீர்கள், மர அறுவை மில்லில் பில்லோடு வாங்குங்கள். இதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும். முழுக்கைச் சட்டை, முகமூடி கட்டாயம்.

கழுத்துக்கு வைரம் பாய்ந்த தேக்கு, வீணை மெட்டுபோன்ற ஃப்ரெட்டுகள் பதியும் ஃப்ரெட் போர்டுக்கு ஈட்டி. ஈட்டித் துண்டு கிடைக்காவிட்டால் கறுத்த வைரமுள்ள எந்தக் கெட்டி மரமும் ஆகும்.

உடல்: அடுக்கு முறை

ரூட்டர் (மரத்தைக் குடையும் மின்கருவி) இல்லாமல் கூடு செய்ய ஒரு வழி இருக்கிறது. குடைவதை விட்டுவிட்டு அடுக்குங்கள். நடுச் சட்டம் 34 மி.மீ. கனம், அதன் பின்னால் 6 மி.மீ. பலகை, முன்னால் 5 மி.மீ. பலகை. மொத்தம் 45 மி.மீ.

34 மி.மீ. கனத்தில் 110 மி.மீ. அகலமுள்ள மூன்று துண்டுகளை 450 மி.மீ. நீளத்துக்கு அறுத்துப் பக்கவாட்டில் ஒட்டுங்கள். நடுத்துண்டுதான் முதுகெலும்பு. கழுத்து, பிக்கப், பிரிட்ஜ் மூன்றும் அதன் மேலேயே உட்காரும். அதில் முடிச்சோ வெடிப்போ இருக்கக் கூடாது. ஒட்டும் விளிம்புகளை இழைப்புளியால் இழைத்து, சேர்த்து வைத்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவினால் மறுபடி இழையுங்கள். வெள்ளை மரப்பசை போதும். கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள்.

அப்புறம் உருவம். அட்டையில் முழு அளவு வரைந்து வெட்டி, பலகையில் வைத்துக் கோடு போடுங்கள். நடுக்கோட்டை முதலில் போட்டுவிடுங்கள், கடைசி நாள் வரை அது அழியக் கூடாது. இப்போது இரண்டு பக்கத் துண்டுகளிலும், வெளிவிளிம்பில் 15 மி.மீ. சுவர் விட்டு, உள்ளே ஒரு துளை போட்டு, ஜிக்சா பிளேடை இறக்கி அறுத்து எடுங்கள். கோணல்மாணலாக வரும், பரவாயில்லை. உள்ளே எட்டிப் பார்க்கப்போவது பல்லிதான்.

பின்பலகையை ஒட்டிய பிறகு, முன்பலகை ஒட்டுவதற்குள், ஒரு வேலையைச் செய்தே ஆக வேண்டும்: வயர் ஓடும் வழி. நடுக்கட்டையில் பிக்கப் குழி வரப்போகும் இடத்திலிருந்து வலப்பக்கக் கூட்டுக்கு 10 மி.மீ. துளை போடுங்கள். பிரிட்ஜ் இடத்திலிருந்து கிரவுண்ட் வயருக்கு 3 மி.மீ. துளை ஒன்று. இதை மறந்துவிட்டு மூடினால் பிறகு நீள டிரில் பிட்டோடு குருட்டுவாக்கில் குத்த வேண்டும். என் இரண்டாவது கிட்டாரில் அப்படிக் குத்தியதன் நினைவாகப் பின்பக்கம் ஒரு மரமுளை இருக்கிறது. வலப்பக்கக் கூட்டுக்குப் பின்பலகையில் உள்ளங்கை அளவு ஜன்னல் வெட்டி மூடி போடுங்கள். பிற்பாடு சால்டர் வேலைக்குக் கை போக வேண்டும்.

முன்பலகைக்கு என் ஆலோசனை நல்ல ரக பிளைவுட். மரப்பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் இ.எஸ். 335இன் மேல்பலகையே அடுக்கி ஒட்டிய மேப்பிள்தான். பிளைவுட்டில் ஒவ்வொரு அடுக்கின் ரேகையும் குறுக்கே ஓடுவதால் சேலம் வெயிலுக்கு அது வெடிக்காது. ஒற்றைப் பலகைதான் வேண்டும் என்பவர்கள் தராசை நம்புங்கள்.

இடப்பக்கம் எஃப் துளை (ஆங்கில f வடிவத் துளை) ஒன்று போதும். அதை வெட்டத் தச்சு ரம்பம் சரிப்படாது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு செய்கிறவர்கள் வில்லில் மாட்டி அறுக்கும் மயிரிழை ரம்பம் இருக்கிறதே, அதைத் தேடி வாங்குங்கள். அப்படியே ஊசி அரமும் ஒரு செட். பிறகு நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டை) கம்பிக் காடி வெட்ட அது வேண்டும். பலகையை ஒட்டுவதற்கு முன்பே துளையை வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, அதன் பிறகு ஒட்டுங்கள். வீட்டில் இருக்கும் கிளாம்ப் எல்லாம் போதாது. நான் மேலே சமப்பலகை வைத்து ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தேன்.

கழுத்து

இங்கேதான் நூல் கணக்கை மறக்க வேண்டும். நம் தச்சர்களுக்கு ஓர் அங்குலத்துக்கு 8 நூல், அதாவது ஒரு நூல் 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. கதவு நிலைக்கு அது தாராளம். ஃப்ரெட் போர்டில் அரை மி.மீ. தவறினாலே சுருதி காட்டிக்கொடுக்கும்.

வீணையில் மெட்டுகளை மெழுகில் பதித்துக் காதால் சரிசெய்வார்கள், பிசகினால் மெழுகை இளக்கி நகர்த்தலாம். கிட்டாரில் வெட்டினால் வெட்டியதுதான். கம்பியின் அதிரும் நீளம் 648 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதை 17.817ஆல் வகுத்தால் 36.37. நட்டிலிருந்து அந்தத் தூரத்தில் முதல் ஃப்ரெட். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த இடைவெளி. இப்படியே போனால் நட்டிலிருந்து 2ஆவது ஃப்ரெட் 70.70, 3ஆவது 103.10, 5ஆவது 162.55, 7ஆவது 215.51, 12ஆவது 324, 22ஆவது 466.16 மி.மீ. 12ஆவது சரியாகப் பாதியில் விழ வேண்டும், விழாவிட்டால் கணக்கு தப்பு. எல்லாக் கோட்டையும் நட்டிலிருந்தே அளந்து போடுங்கள். ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததற்கு அளந்தால் சின்னப் பிசகு 22 தடவை கூடும்.

கழுத்துக்கட்டை 19 மி.மீ., ஃப்ரெட் போர்டு 6 மி.மீ. கட்டையின் நடுவே டிரஸ் ராடுக்கு (கழுத்து வளையாமல் தாங்கும் இரும்புக் கம்பி) காடி. கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுக்கும். ஒரு சிமென்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு, ராத்திரி பகல் ஓயாமல். இரு பக்கமும் திருகும் டிரஸ் ராடு வாங்குங்கள். அதன் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து, காடியில் ஆடாமல் உட்காரும்படி வெட்டுங்கள். இந்த ஒரு வேலைக்கு ரூட்டரை வாடகைக்கு எடுத்தால் தப்பில்லை. கழுத்துக் குழியையும் அன்றே அதிலேயே எடுத்துவிடலாம்.

தேக்கில் எண்ணெய் உண்டு, பசை வழுக்கும். ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். நட்டில் 42 மி.மீ. அகலம், அடியில் 56. பின்பக்கத்தை உருட்டும்போது கொஞ்சம் இழைப்பது, பிடித்துப் பார்ப்பது, மறுபடி இழைப்பது. முதல் ஃப்ரெட் இருக்குமிடத்தில் போர்டோடு சேர்த்து 21 மி.மீ. கனம் என் கைக்குச் சரி. உங்கள் கை வேறாக இருக்கலாம்.

ஃப்ரெட் கம்பியைப் போர்டின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்து, இரு முனையை முதலில், நடுவைப் பிறகு, கொட்டாப்புளியால் தட்டி இறக்குங்கள்.

சேர்ப்பது

கழுத்துக் குழி 16 மி.மீ. ஆழம். கழுத்து அதில் கையால் அழுத்தினால் இறங்க வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. திருகாணி போடுவதற்கு முன் நட்டின் இரு ஓரத்திலிருந்து பிரிட்ஜின் இரு ஓரத்துக்கு நைலான் நூல் கட்டிப் பாருங்கள். இரண்டு நூலும் ஃப்ரெட் போர்டு விளிம்பிலிருந்து ஒரே அளவு தள்ளி ஓட வேண்டும். இதில் அவசரப்பட்டால் மெல்லிய கம்பி கடைசி ஃப்ரெட்டில் விளிம்பைத் தாண்டி வழுக்கும், ஆயுசு முழுக்க எரிச்சல்.

பிரிட்ஜுக்குத் தட்டையான ஹார்ட்டெயில் (அசையாமல் உடலில் திருகி நிற்கும்) ரகம் வாங்குங்கள். அதற்குக் கழுத்தைச் சாய்க்க வேண்டியதில்லை. 12ஆவது ஃப்ரெட்டிலிருந்து 324 மி.மீ. தள்ளி மெல்லிய கம்பியின் சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சிறு துண்டு), தடித்த கம்பியினது அதைவிட 3 மி.மீ. பின்னால். சேடில் திருகில் முன்னும் பின்னும் நகர இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிரில்லை எடுங்கள்.

பாலிஷைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 320 எண் உப்புத்தாள் வரை தேய்த்து, அரக்கு பிரெஞ்ச் பாலிஷ் பத்துக் கோட்டு. மழை நாளில் போட்டால் வெள்ளை பூக்கும்.

வயரிங்

ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப் இரண்டு, மூன்று நிலை சுவிட்ச் ஒன்று, 500 கிலோ ஓம் பொட், அதாவது திருகும் குமிழ், இரண்டு (ஒன்று வால்யூமுக்கு, ஒன்று டோனுக்கு), 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஜாக். பிக்கப்புகள் சுவிட்சுக்கு, சுவிட்ச் வால்யூமுக்கு, வால்யூம் ஜாக்குக்கு. டோன் பொட் கெப்பாசிட்டரோடு வால்யூமில் தொங்கும். பொட்டின் மரை 5 மி.மீ. பலகையைத் தாண்டி வெளியே வருமா என்று கடையிலேயே அளந்து பாருங்கள். பிரிட்ஜுக்கு அடியில் கிரவுண்ட் வயரின் செம்பு நுனி அழுந்த வேண்டும். கம்பியைத் தொட்டதும் ‘ங்’ என்ற இரைச்சல் குறைந்தால் வயர் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

கம்பி கட்டிச் சுருதி சேர்த்து ஒருநாள் சும்மா வையுங்கள். மறுநாள் தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு 7ஆவது ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு சந்து என்று பாருங்கள். 0.2 மி.மீ. போதும், ஒரு விசிட்டிங் கார்டின் கனத்துக்கும் கொஞ்சம் குறைவு. கூடினால் டிரஸ் ராடை இறுக்குங்கள், ஒரு நேரத்துக்குக் கால் திருப்புக்கு மேல் வேண்டாம். 12ஆவது ஃப்ரெட்டில் கம்பி உயரம் தடித்த பக்கம் 2, மெல்லிய பக்கம் 1.6 மி.மீ. பிறகு 12ஆவதை அழுத்தி ட்யூனரில் பாருங்கள். சுருதி ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு, இறங்கியிருந்தால் முன்னுக்கு.

கோடையில் காருக்குள் பூட்டி வைக்காதீர்கள், வெள்ளைப் பசை சூட்டில் இளகும். ஏற்காட்டுக்கு எடுத்துப் போனால் டிரஸ் ராடு சாவியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். என்னுடையதற்கு மேலே போனால் இரண்டாம் நாள் கால் திருப்பு, கீழே வந்தால் திரும்ப அதே கால் திருப்பு.