விலகல் மனுவிலும் ஜூரி தேர்விலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்கறிஞர் ஒரு வழக்கிலிருந்து விலக மனு போடும்போதும், ஜூரிக்கு (வழக்கில் முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கு) ஆள் தேர்வில் ஒருவரை நீக்கும்போதும் நீதிபதி "ஏன்?" என்று கேட்கக்கூடும். விலகும்போது வழக்கறிஞர்கள் தேவைக்கு மேல் சொல்லிவிடுகிறார்கள். ஜூரியை நீக்கும்போது உண்மைக் காரணத்தை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்கிறார்கள்.

கட்சிக்காரர் பீஸ் தரவில்லை என்பதற்காகச் சட்டென்று நின்றுவிட முடியாது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி 1.16, 'செலுத்தாவிட்டால் விலகுவேன்' என்று முன்கூட்டியே எச்சரிக்கச் சொல்கிறது. தேதி குறிப்பிட்டு எழுத்தில் எச்சரிப்பதே பாதுகாப்பு. நீதிமன்ற அனுமதி தேவைப்படும் வழக்கில், அனுமதி மறுக்கப்பட்டால் தொடர்ந்து நடத்தியே ஆக வேண்டும். விசாரணை நெருங்கிய பிறகு மனு போட்டால் மறுக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பெரிய ஆபத்து மனுவின் வாசகத்தில் இருக்கிறது. "என் கட்சிக்காரர் பொய்சாட்சி சொல்லத் துடிக்கிறார்" என்று எழுதினால் இரகசியக் கடமை மீறப்படும். அதே நீதிபதிதான் பிறகு அவருக்குத் தண்டனையும் விதிக்கலாம். "தொழில் நெறி காரணங்களால் தொடர இயலவில்லை" என்பதே பொதுவாகப் போதும். நீதிபதி மேலும் வற்புறுத்தினால், எதிர்த்தரப்பு இல்லாமல் தனியறையில் சொல்ல அனுமதி கேளுங்கள். அங்கும் குறைந்தபட்சமே சொல்லுங்கள். பொய்சாட்சியம் ஏற்கெனவே பதிவாகிவிட்டால் கதை வேறு: அதைச் சரிசெய்யும் கடமையை விதி 3.3 சுமத்துகிறது. விலகிய பின் கோப்புகளையும், வேலை செய்யாத பகுதிக்கான முன்பணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

காரணம் சொல்லாமல் ஜூரியை நீக்கும் உரிமைக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1986 பேட்சன் தீர்ப்பு எல்லை போட்டது: இனத்துக்காக ஒருவரை நீக்கக் கூடாது; அப்படி நீக்கியதாக ஆட்சேபம் எழுந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அது அரசு வழக்கறிஞருக்கு மட்டும்தான் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். உரிமையியல் வழக்குகளுக்கு 1991-இலும், குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்புக்கு 1992-இலும் அது விரிந்தது. 1994-இல் பாலினமும் சேர்ந்தது.

நீக்கப்பட்டவரை ஏற்கப்பட்டவரோடு ஒப்பிடும்போதுதான் பொய்க் காரணம் உடையும். ஜார்ஜியாவின் ஃபாஸ்டர் வழக்கில், 34 வயதுக் கறுப்பினப் பெண்ணை 'வயது குறைவு' என்று நீக்கிய அரசுத் தரப்பு, 21 வயது வெள்ளையரை ஏற்றிருந்தது. அவர்களின் குறிப்புகளில் கறுப்பினத்தவர் பெயர்களுக்குப் பச்சை வண்ணம் தீட்டியிருந்தார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை ரத்து செய்தது. ஆகவே ஜூரிக்கு வந்த எல்லோரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். பதிலை அந்த நிமிடமே அவர்கள் சொன்ன சொற்களில் குறித்துக்கொள்ளுங்கள்.

"முகம் கொடுத்துப் பேசவில்லை", "கவனிக்கவில்லை" போன்ற காரணங்களைக் கடைசியில் எடுத்து நீட்டாதீர்கள். வாஷிங்டன் மாநிலத்தின் 2018 விதிப்படி, அந்த நடத்தையை நீதிபதியும் எதிர்த்தரப்பும் சரிபார்க்கும்படி உரிய நேரத்திலேயே சுட்டிக்காட்ட வேண்டும்.