கட்டாங்காவை வைத்து ஒரு அமைதிப்படையை எடைபோடுவது எப்படி

ஒரு மாகாணம் துப்பாக்கியோடு பிரிகிறது, ஐ.நா. படை போய் இறங்குகிறது, மாதங்கள் ஓடியும் பிரிவினை அப்படியே நிற்கிறது. இப்படி ஒரு செய்தி கையில் வந்தால் எல்லாரும் முதலில் தேடுவது படையினரின் எண்ணிக்கையை. உண்மையில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். இந்த வகைப் பூசலை அலசக் கற்றுக்கொள்ள 1960 முதல் 1963 வரை காங்கோவின் கட்டாங்கா மாகாணத்தில் நடந்ததைவிட நல்ல பாடம் இல்லை. தொடக்கம், முடிவு, இடையில் செய்யக்கூடிய அத்தனை தவறுகளும் அதில் இருக்கின்றன.

வேண்டியவை மூன்று: ஐ.நா. பாதுகாப்பு அவையின் 143, 146, 161, 169ஆம் எண் தீர்மானங்களின் முழு வாசகம்; தெற்குக் காங்கோவின் சாலையும் ரயில்பாதையும் உள்ள வரைபடம்; தேதி, ஆணை, களம், பணம் என்று நான்கு பத்தி போட்ட ஒரு தாள். தமிழில் 'அமைதிப்படை' என்றாலே 1987இல் இலங்கைக்குப் போன இந்தியப் படை நினைவுக்கு வரும். அது இரு நாட்டு உடன்படிக்கையில் போனது, ஐ.நா. ஆணையில் அல்ல. இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் குழப்பாதீர்கள்.

முதலில் ஆணை

காங்கோ 1960 ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்றது. ஐந்தே நாளில் படைக்குள் கலகம். பெல்ஜியப் படைகள் திரும்பி நுழைந்தன. ஜூலை 11 அன்று மாகாணத் தலைவர் மொய்ஸ் சோம்பே கட்டாங்காவைத் தனிநாடு என்று அறிவித்தார். ஜூலை 14இல் வந்த 143ஆம் தீர்மானம் பெல்ஜியப் படையை வெளியேறச் சொன்னது. காங்கோ அரசுக்கு ராணுவ உதவி தர ஒப்புதல் கொடுத்தது. பிரிவினை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆகஸ்ட் 9இன் 146ஆம் தீர்மானம், ஐ.நா. படை கட்டாங்காவுக்குள் நுழைய வேண்டும் என்றது. அதே மூச்சில், எந்த உள்நாட்டுப் பூசலிலும் அது தலையிடாது, அதன் முடிவை மாற்றப் பயன்படாது என்றும் சொன்னது. காங்கோ பிரதமர் லுமும்பாவுக்கும் ஐ.நா. பொதுச் செயலாளர் ஹாமர்ஷெல்டுக்கும் முறிவு வந்தது இங்கேதான்.

தாளில் எழுதும்போது ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஒரே கேள்வி: யாரை, எதற்காக, எந்த அளவு பலத்தால் தடுக்கலாம்? 1961 பிப்ரவரி 21இன் 161ஆம் தீர்மானம், உள்நாட்டுப் போரைத் தடுக்கக் கடைசி வழியாகப் பலம் பயன்படுத்தலாம் என்றது. அப்போது லுமும்பா கட்டாங்கா மண்ணில் கொல்லப்பட்டு ஒரு மாதம் கடந்திருந்தது. நவம்பர் 24இன் 169ஆம் தீர்மானம்தான் கட்டாங்காவின் பிரிவினையை நேராகக் கண்டித்து, வெளிநாட்டுக் கூலிப்படையினரைப் பலத்தால் பிடித்து வெளியேற்ற வழிவிட்டது. ஆக, முதல் பதினாறு மாதம் கேட்ட வேலை ஒன்று, கொடுத்த அதிகாரம் வேறு. அந்தக் காலத்துத் தோல்விகளைத் தளபதிகளின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

வரைபடத்தில் ஆறு புள்ளிகள்

கட்டாங்காவின் தலைநகர் எலிசபெத்வில், ஜடோவில், கொல்வேசி, காமினா, கிபுஷி, எல்லைக்கு அப்பால் வட ரொடீசியாவின் என்டோலா. இப்போது எலிசபெத்வில்லின் பெயர் லுபும்பாஷி, ஜடோவில்லின் பெயர் லிகாசி. என்டோலா சாம்பியாவில் இருக்கிறது. ஐ.நா. படையின் தலைமையகம் இருந்த காங்கோ தலைநகர் லியோபோல்ட்வில் (இன்றைய கின்ஷாசா) 1,500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. ஜடோவில், எலிசபெத்வில்லிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். நடுவே லுஃபிரா ஆறு. அந்தப் பாலத்தைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள்.

ஏன் என்பதற்கு 1961 செப்டம்பர். ஜடோவில்லில் இருக்கும் வெள்ளையருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கையின் பேரில் 150 பேருக்குச் சற்று அதிகமான ஐ.நா. படையின் ஓர் அயர்லாந்துக் கம்பெனி (ராணுவப் பிரிவு) அங்கே அனுப்பப்பட்டது. பீரங்கி கிடையாது, இயந்திரத் துப்பாக்கியும் சிறு மோர்ட்டாரும்தான். ஊரோ சோம்பே பக்கம். 13ஆம் தேதி முற்றுகை தொடங்கியது. தண்ணீர்க் குழாய் அடைபட்டது. உதவிக்குப் புறப்பட்ட அணிகளை லுஃபிரா பாலத்திலேயே தடுத்துவிட்டார்கள். ஒரு ஹெலிகாப்டர் துணிந்து தண்ணீர் கொண்டுபோய் இறக்கியது. முன்பு எரிபொருள் வைத்திருந்த கேன்களில் நிரப்பியதால் அதை வாயில் வைக்க முடியவில்லை. தோட்டாவும் தண்ணீரும் தீர்ந்து 17ஆம் தேதி கம்பெனி சரணடைந்தது. கம்பெனியில் ஒருவர்கூடச் சாகவில்லை. இதைக் கோழைத்தனம் என்று முன்பு எழுதினார்கள், இப்போது வீரம் என்று எழுதுகிறார்கள். இரண்டு எழுத்திலும் பாலம் காணாமல் போய்விடுகிறது. ஒரே ஒரு பாலத்துக்கு அப்பால், அந்தப் பாலத்தைக் காவல் காக்காமல், ஒரு கம்பெனியைத் தனியே நிறுத்தினால் இதுதான் நடக்கும். எந்த நாட்டு அமைதிப்படையைப் பற்றிப் படித்தாலும் தனியாக நிற்கும் முகாம்களைக் குறித்து, அங்கே போக எத்தனை வழி என்று எண்ணிப் பாருங்கள்.

வெளிநாட்டு அதிகாரிகளும் வானமும்

ஜென்டார்மெரி எனப்பட்ட கட்டாங்காவின் ஆயுதப்படையை நடத்தியவர்கள் பெல்ஜிய அதிகாரிகளும் பல நாட்டுக் கூலிப்படையினரும். 1961 ஆகஸ்ட் 28 அதிகாலையில் ஐ.நா. படை எலிசபெத்வில்லின் வானொலி நிலையத்தையும் முக்கிய இடங்களையும் பிடித்து, அந்த அதிகாரிகளைக் கைது செய்யத் தொடங்கியது. ரத்தம் சிந்தாமல் நன்றாகவே நடந்தது. பிறகு தூதரகங்கள் "நாங்களே அனுப்பி வைக்கிறோம்" என்று சொன்னதை நம்பி அதே நாளில் நிறுத்திவிட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் கைக்கு அகப்படாமல் மறைந்தார்கள். இரண்டே வாரத்தில், செப்டம்பர் 13 அன்று, இரண்டாவது நடவடிக்கை தொடங்கியபோது எதிரே துப்பாக்கி பிடித்து நின்றவர்களில் அவர்களும் உண்டு. பாதியில் நிறுத்திய கைது நடவடிக்கை, தொடங்காததைவிட மோசம்: எதிராளிக்கு எச்சரிக்கையும் கிடைக்கிறது, ஆளும் மிஞ்சுகிறது.

அந்த செப்டம்பரில் கட்டாங்காவிடம் பறக்கும் நிலையில் இருந்தது ஒரே ஒரு ஃபூகா மாஜிஸ்டர் ஜெட். பயிற்சி விமானம்தான். ஐ.நா.விடமோ ஒரு போர் விமானமும் இல்லை. அந்த ஒற்றை விமானம் சாலையில் போன அணிகளையும் நிலையத்தில் நின்ற சரக்கு விமானங்களையும் சுட்டு ஆட்டம் காட்டியது. எத்தியோப்பிய ஜெட்கள் வருவதற்கு வான்வழி அனுமதி தர பிரிட்டன் இழுத்தடித்தது. சோம்பேயைச் சந்திக்கப் புறப்பட்ட ஹாமர்ஷெல்டின் விமானம் 18ஆம் தேதி நள்ளிரவு கடந்து என்டோலா அருகே விழுந்து அவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் இந்தியாவின் கான்பெரா, ஸ்வீடனின் துன்னான், எத்தியோப்பியாவின் சேபர் விமானங்கள் வந்து சேர்ந்தன. எனவே களப் பத்தியில் விமானங்களின் வகையையும் எண்ணிக்கையையும் மட்டும் எழுதாதீர்கள். எந்த நாட்டு வானத்தைக் கடந்து வரவேண்டும், அந்த நாடு யார் பக்கம் என்பதையும் எழுதுங்கள்.

1961 டிசம்பர் 5 அன்று எலிசபெத்வில் விமான நிலையத்துக்கான சாலைத் தடையை உடைக்கும் சண்டையில் கூர்க்கா ரைஃபிள்ஸின் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா உயிரிழந்தார். 16 பேரோடு ஏறத்தாழ 90 பேரை எதிர்த்த அந்தச் சண்டைக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. நம் புத்தகங்கள் வீரத்தோடு நின்றுவிடுகின்றன. சண்டை எதற்கு என்றால், மீண்டும் சாலைதான்: தலைமையகத்தையும் விமான நிலையத்தையும் துண்டித்த தடை அது.

பணத்தைத் தேடுங்கள்

உலகக் கோபால்ட்டில் பாதிக்கு மேல் கட்டாங்காவில் எடுக்கப்பட்டது, செம்பும் ஏராளம். பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட யூனியன் மினியேர் சுரங்க நிறுவனம் வரியைக் காங்கோ அரசுக்குக் கட்டாமல் சோம்பேயிடம் கட்டியது. தாது அங்கோலா வழியாக ரயிலில் லொபிடோ துறைமுகத்துக்குப் போனது. கூலிப்படையின் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தேவையே இல்லை. 1961 டிசம்பர் 21இல் கிடோனாவில் பிரிவினையைக் கைவிடுவதாகச் சோம்பே கையெழுத்திட்டுவிட்டு ஓராண்டு இழுக்க முடிந்ததும் இந்த வருவாயால்தான். 1962இல் ஹாமர்ஷெல்டுக்குப் பின் பொறுப்பேற்ற ஊ தாண்ட் முன்வைத்த திட்டம் வருவாயைச் சரிபாதியாகப் பிரிக்கச் சொன்னது.

மறுபக்கத்துப் பணத்தையும் பாருங்கள். சோவியத் ஒன்றியமும் பிரான்ஸும் இந்தப் படைக்கான செலவில் பங்கு தர மறுத்தன. பன்னாட்டு நீதிமன்றம் 1962 ஜூலை 20இல் இது ஐ.நா.வின் செலவுதான் என்று கருத்துச் சொல்லியும் பணம் வரவில்லை. ஐ.நா. கடன் பத்திரம் விற்க வேண்டியிருந்தது.

எண்ணிக்கை, கடைசியாக

உச்சத்தில் படை கிட்டத்தட்ட 20,000. ஆனால் அது காங்கோ முழுமைக்கும். லுமும்பா விவகாரத்தில் கசந்து சில நாடுகள் தம் படையைத் திரும்ப அழைத்தபோது எண்ணிக்கை சரிந்தது. அந்த ஓட்டையை 1961இல் இந்தியப் படைப்பிரிவு அடைத்தது. இன்னொரு பொறி: கட்டாங்கா முழுவதும் சோம்பே பின்னால் நிற்கவில்லை. வடக்கே பலுபா மக்கள் அவரை எதிர்த்தார்கள். அவர்களே 1960 நவம்பர் 8 அன்று நியெம்பாவில் அயர்லாந்து ரோந்துக் குழுவைத் தாக்கி ஒன்பது பேரைக் கொன்றார்கள். பிரிவினையை எதிர்ப்பவர் எல்லாம் அமைதிப்படைக்கு நண்பர் என்று கணக்குப் போட்டால் தவறும்.

இப்போது ஐ.நா.வின் இறுதி நடவடிக்கை தொடங்கிய 1962 டிசம்பர் 28ஐ எடுத்து எல்லாப் பத்தியையும் நிரப்புங்கள். ஆணை தெளிவு. நான்கு நாள் சூடு வாங்கிய பிறகே ஐ.நா. படைக்குத் திருப்பித் தாக்க அனுமதி. துன்னான் விமானங்கள் கட்டாங்காவின் விமானங்களைத் தரையிலேயே அழித்தன. மேஜர் ஜெனரல் பிரேம் சந்தின் படைகள் பல திசைகளில் நகர்ந்தன. லுஃபிரா பாலம் தகர்க்கப்பட்டிருந்தும் இந்தியப் படைப்பிரிவு ஆற்றைக் கடந்து ஜனவரி 3 அன்று ஜடோவில்லில் நுழைந்தது. ஐ.நா. தலைமை நிறுத்தச் சொன்ன செய்தி நேரத்துக்குப் போய்ச் சேராததால் கடந்தார்கள். விசாரிக்க ஐ.நா. உயரதிகாரி ரால்ஃப் பஞ்ச் வந்தார். ஜனவரி நடுவில் சோம்பே பிரிவினையைக் கைவிட்டார், 21ஆம் தேதி ஐ.நா. படை கொல்வேசியில் நுழைந்தது.

தாளை அங்கே மூடிவிடாதீர்கள். 'ஆயுதம் எங்கே போனது' என்று ஐந்தாவது பத்தி ஒன்று போடுங்கள். ஜென்டார்மெரியில் பலர் ஆயுதத்தோடு அங்கோலாவுக்குள் போனார்கள். ஐ.நா. படை 1964 ஜூன் 30 அன்று கிளம்பியது. அடுத்த மாதமே சோம்பே காங்கோவின் பிரதமரானார், பழைய ஜென்டார்மெரியையும் கூலிப்படையையும் அழைத்துக் கிழக்கில் கிளர்ச்சியை அடக்கினார். 1977இலும் 1978இலும் அங்கோலாவிலிருந்து படையெடுத்து வந்தவர்களின் கருவும் அந்த ஜென்டார்மெரிதான்; 1978இல் அவர்கள் பிடித்த ஊர் கொல்வேசி.